இல்லத்துப் பிள்ளைகளுக்கு நன்றி நோட்டு உதவுமா?

கேள்வி: நான் தென்மாவட்டம் ஒன்றில் பெண் குழந்தைகள் இல்லத்தில் வார்டனாக இருக்கிறேன். 12 முதல் 17 வயது வரை 26 பிள்ளைகள். ஜூன் மாதம் ஒரு தன்னார்வக் குழுவினர் வந்து எல்லோருக்கும் ஆளுக்கொரு 'நன்றி நோட்டு' கொடுத்தார்கள். தினமும் இரவு பிரேயர் முடிந்ததும் அன்றைக்கு நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களை எழுத வேண்டும், மன அழுத்தம் குறையும், படிப்பில் கவனம் வரும் என்றார்கள். முதல் வாரம் ஆசையாக எழுதினார்கள். இப்போது எல்லா நோட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது: 'சாப்பாடு தந்தவர்களுக்கு நன்றி. இல்லத்துக்கு நன்றி. கடவுளுக்கு நன்றி.' வாரம் ஒரு முறை வாங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். போன வாரம் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, 'எனக்கு யாருக்கும் நன்றி சொல்ல ஒன்றும் இல்லை' என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டதும் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டாள். டிரஸ்டி ஒருவர், இவ்வளவு செய்தும் நன்றி இல்லையா என்று கோபப்படுகிறார். அவள் கெட்ட பிள்ளை இல்லை மேடம். இந்தப் பயிற்சியால் உண்மையிலேயே பலன் உண்டா? தொடரலாமா, விட்டுவிடலாமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நேராகவே சொல்லிவிடுகிறேன். இப்போது நடக்கிற முறையில் இதை நிறுத்திவிடுங்கள். வேறு முறையில், பிள்ளைகளின் விருப்பத்தோடு, மெதுவாகத் தொடங்கலாம். அதற்குப் பலன் உண்டு. ஆனால் முதலில் அந்தப் பத்தாம் வகுப்புப் பெண்ணின் விஷயம். அவளுக்குத் தண்டனை எதுவும் வேண்டாம். மன்னிப்புக் கடிதம் எழுத வைக்க வேண்டாம், மற்ற பிள்ளைகள் முன்னால் அதைப் பற்றிப் பேசவும் வேண்டாம். 26 பேரில் மனதில் இருந்ததை எழுதியவள் அவள் ஒருத்திதான். நீங்கள் வாங்கிப் படிப்பீர்கள் என்று தெரிந்துதானே எழுதினாள்? உங்கள் மேல் கொஞ்சமாவது நம்பிக்கை இல்லாமல் அதைச் செய்திருக்க மாட்டாள்.

இல்லத்தில் வளரும் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை தடவை நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். காலைப் பிரேயரில் ஒன்று, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னாலும் ஒன்று, யாராவது பழைய துணி மூட்டையோடு வந்தால் இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். யாரோ ஒருவர் வீட்டுப் பிறந்தநாள், கல்யாண நாள், அல்லது திதி. மதியச் சாப்பாடு அந்தக் குடும்பத்தின் உபயம். பன்னிரண்டரைக்கே சோறு வெந்து, இலை போட்டு, பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். உபயதாரர் வண்டி வர ஒன்றேமுக்கால் ஆகும். வந்ததும் கேக் வெட்டி, அந்த வீட்டுப் பிள்ளைக்கு இவர்கள் கை தட்டிப் பாடி, 'தேங்க் யூ அங்கிள், தேங்க் யூ ஆன்ட்டி' என்று ஒரே ராகத்தில் இழுத்து, போட்டோ எடுத்து முடிப்பதற்குள் சாம்பார் ஆறிப்போயிருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் வருகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பசியோடு உட்கார்ந்திருக்கும் பதினைந்து வயதுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். தன் வயதே ஆன இன்னொரு பெண் புதுத் துணியில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்காக இவள் கை தட்ட வேண்டும், சிரிக்க வேண்டும். அன்று இரவே நோட்டை நீட்டி, மூன்று நன்றி எழுது என்கிறோம்.

பிள்ளைகள் ஒப்புக்கு எழுதுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர்களைப் பொறுத்தவரை நன்றி என்பது கேட்டவுடன் கொடுக்க வேண்டிய ஒன்றாக ஆகிவிட்டது. சாப்பாட்டுக்கு முன்னால் சொன்ன அதே வரியை நோட்டிலும் எழுதிக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போகிறார்கள். நீங்கள் கையெழுத்துப் போடுவதால் அது வீட்டுப்பாடமாகவும் ஆகிவிட்டது.

உளவியலில் நன்றி உணர்வையும் கடன்பட்ட உணர்வையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. பிலிப் வாட்கின்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவர் உங்களுக்கு உதவுகிறார், பதிலுக்கு உங்களிடம் இன்னின்னதை எதிர்பார்க்கிறார் என்று கற்பனை செய்து பார்க்கச் சொன்னார்கள். எதிர்பார்ப்பு கூடக் கூட, வாங்குகிறவருக்குக் கடன்பட்டுவிட்டோமே என்ற எண்ணம் ஏறியது, நன்றி உணர்வு இறங்கியது. கற்பனையிலேயே இப்படி என்றால், உடுத்துகிற துணியிலிருந்து படிக்கிற புத்தகம் வரை எல்லாமே யாரோ கொடுத்தது என்று தினம் நினைவூட்டப்படும் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? அந்த டிரஸ்டி 'இவ்வளவு செய்தும்' என்று சொல்கிறாரே, அந்தப் பேச்சு பிள்ளைகள் காதில் விழுந்திருக்கும். சாப்பாடும் இருப்பிடமும் படிப்பும் இந்தப் பிள்ளைகளுக்கு உரிமையாகச் சேர வேண்டியவை. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளுக்கும் பொருந்தும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் அப்படித்தான் வைத்திருக்கிறது. உரிமையாகக் கிடைப்பதற்கு நன்றி எழுதச் சொல்லும்போதுதான் மனம் முரண்டு பிடிக்கிறது.

சரி, இந்தப் பயிற்சிக்கு ஆதாரம் ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. தன்னார்வக் குழுவினர் காற்றில் எதையும் சொல்லிவிட்டுப் போகவில்லை. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்துதான் இது பரவியது. முதல் ஆய்வில் கல்லூரி மாணவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் நன்றியோடு நினைக்கத்தக்க ஐந்து விஷயங்கள் வரை எழுதினார்கள், ஒரு பகுதியினர் எரிச்சல் தந்தவற்றை எழுதினார்கள், மீதிப் பேர் சும்மா நடந்ததை எழுதினார்கள். வாரம் ஒரு தடவை, 10 வாரம். நன்றி எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கை பரவாயில்லை என்று மற்றவர்களைவிடக் கூடுதலாக உணர்ந்தார்கள். 2008இல் ஜெஃப்ரி ஃப்ரோ என்ற உளவியலாளர் தன் குழுவினரோடு இதையே ஆறு, ஏழாம் வகுப்பு மாணவர்கள் 221 பேரிடம் இரண்டு வாரம், தினமும் எழுத வைத்துப் பார்த்தார். நன்றி எழுதியவர்களுக்குப் பள்ளி மீதான திருப்தி கூடியிருந்தது. மற்றபடி, எரிச்சலை எழுதியவர்களோடு ஒப்பிட்டால்தான் பெரிய வித்தியாசம். எதுவும் செய்யாமல் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் குறைவு. பிறகு இப்படிப் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், பலன் இருக்கிறது, ஆனால் சிறியது என்றே சொல்லியிருக்கிறார்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று 2021இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு வெளிப்படையாகவே சொல்கிறது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இந்த ஆய்வுகளில் எழுதிய பிள்ளைகள் பள்ளி விட்டதும் அவரவர் வீட்டுக்குப் போனவர்கள். உங்கள் பிள்ளைகளின் நிலைமை வேறு. அதனால் நோட்டு மேல் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். சோனியா லியுபோமிர்ஸ்கி என்ற உளவியலாளரின் ஆய்வில், ஆறு வாரம், வாரத்துக்கு ஒரு தடவை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது. வாரத்துக்கு மூன்று தடவை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. மூன்று தடவைக்கே இப்படி என்றால், தினமும் இரவில் எழுதச் சொன்னால் உங்கள் பிள்ளைகளுக்குச் சலித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

நம்பிக்கை தரும் செய்தியும் ஒன்று உண்டு. ஃப்ரோவின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், சரியாக நன்றி சொல்லாமல் விட்டுப்போன ஒருவருக்குப் பிள்ளைகள் கடிதம் எழுதி, நேரில் போய்ப் படித்துக் காட்டினார்கள். ஏற்கனவே உற்சாகமாக இருந்த பிள்ளைகளுக்கு இதனால் பெரிய மாற்றம் இல்லை. மகிழ்ச்சி குறைவாக இருந்தவர்களுக்குத்தான் அது அதிகம் உதவியது. உங்களிடம் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருப்பார்கள். அதனால்தான் கைவிட வேண்டாம் என்கிறேன்.

இனி எப்படிச் செய்யலாம் என்று பார்ப்போம்.

முதல் வேலை, கையெழுத்துப் போடுவதை விடுங்கள். நோட்டு அந்தந்தப் பிள்ளையுடையது. அவளுடைய டிரங்குப் பெட்டியில், பூட்டு இருந்தால் பூட்டி வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் படிக்கப் போவதில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். விரும்புகிறவர்கள் எழுதலாம், வேண்டாம் என்கிறவர்கள் அந்த நோட்டில் கணக்குப் போட்டாலும் கோலம் வரைந்தாலும் கேட்க வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் போதும். பிரேயரோடு சேர்க்காதீர்கள். சனிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு மொட்டை மாடியில் முடி காய வைக்கும் நேரம் இருக்கிறதே, அது இதற்கு நல்ல நேரம்.

இரண்டாவது, கேள்வியை மாற்றுங்கள். 'எதற்கெல்லாம் நன்றி?' என்று கேட்டால் சோறு, துணி, கடவுள் என்றுதான் பதில் வரும். 'இந்த வாரம் யாராவது உனக்காக மெனக்கெட்டார்களா?' என்று கேட்டுப் பாருங்கள். ஃப்ரோவும் மற்றவர்களும் 2014இல் வெளியிட்ட ஒரு பள்ளித் திட்டத்தில் பிள்ளைகளுக்கு மூன்று விஷயங்களைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவர் வேண்டுமென்றே எனக்காகச் செய்தாரா? அதற்காக அவர் எதை விட்டுக்கொடுத்தார்? அதனால் எனக்கு என்ன நல்லது நடந்தது? எட்டு முதல் பதினொன்று வயதுப் பிள்ளைகளிடம் செய்தது அது. பதினைந்து வயதுக்காரிக்கு இந்த மூன்றும் இன்னும் எளிதாகப் பிடிபடும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 'சாப்பாடு தந்தவர்களுக்கு நன்றி' என்பதற்குப் பதிலாக ஒரு பெண் இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'வியாழக்கிழமை எனக்கு ஸ்பெஷல் கிளாஸ். வர ஏழரை ஆகிவிட்டது. சமையல் அக்கா தட்டு போட்டு மூடி எடுத்து வைத்திருந்தார். எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்று அதைப் பொறுக்கி எடுத்துவிட்டிருந்தார். அவருக்கு ஆறே முக்கால் பஸ். அன்றைக்கு அதை விட்டுவிட்டார்.' இதை எழுதும் பெண்ணுக்கு ஒரு விஷயம் புரிகிறது. கத்தரிக்காய் பிடிக்காது என்பதை இந்த இல்லத்தில் ஒருவர் ஞாபகம் வைத்திருக்கிறார். 26 பேரில் ஒருத்தியாக வளரும் பிள்ளைக்கு, தன்னைத் தனியாக ஒருவர் கவனித்தார் என்பதைவிடப் பெரியது வேறு எது? பலன் இருக்கிறது என்றால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது. எத்தனை வரி எழுதினாள் என்பதில் இல்லை.

இன்னொன்றையும் பக்கத்திலேயே வைக்க வேண்டும். ஏமாற்றம், கோபம், வருத்தம் எல்லாவற்றுக்கும் அதே நோட்டில் இடம் உண்டு என்று சொல்லிவிடுங்கள். இடது பக்கம் எரிச்சலுக்கு, வலது பக்கம் நன்றிக்கு என்று வைத்தாலும் சரி. இடது பக்கம் நிரம்பி வலது பக்கம் காலியாகக் கிடந்தால் கிடக்கட்டும். வளர் இளம் பருவத்தில் கோபத்தைச் சொல்ல வழி இல்லாதபோது நன்றியும் பொய்யாகிவிடுகிறது.

நோட்டோடு மட்டும் இது நிற்கக் கூடாது. இல்லத்தின் நடைமுறையிலும் இருக்க வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்துக்கான 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகளில் 6 முதல் 10, 11 முதல் 15, 16 முதல் 18 என்று வயதுவாரியாகக் குழந்தைகள் குழுக்கள் அமைக்கச் சொல்லியிருக்கிறது. ஆலோசனைப் பெட்டி ஒன்றும் வைக்க வேண்டும், அதுவும் சிசிடிவி கேமராவின் கண்ணில் படாத இடத்தில். பல இடங்களில் ஆய்வுக்கு ஆள் வரும் நாளில்தான் அந்தப் பெட்டியின் தூசியைத் தட்டுகிறார்கள். உங்கள் இல்லத்தில் அது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். 'பாத்ரூம் தாழ்ப்பாள் உடைந்து ரொம்ப நாளாகிவிட்டது' என்று ஒரு சீட்டு அதில் விழுந்தால், அடுத்த சில நாட்களில் புதுத் தாழ்ப்பாள் வர வேண்டும். குறை சொன்னால் நடக்கும் என்று கண்ணால் பார்த்த பிள்ளைதான் நல்லதையும் மனதாரச் சொல்லும். அதனால் இந்தப் பெட்டியை முதலில் சரிசெய்யுங்கள், நோட்டு அப்புறம் வரட்டும்.

இதைவிட முக்கியமான காரணமும் இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இல்லங்களில் பிள்ளைகளிடம் தவறாக நடப்பவர்கள் பெரும்பாலும் 'உனக்கு எவ்வளவு செய்திருக்கிறேன்' என்ற பேச்சோடுதான் நெருங்குகிறார்கள். உபயதாரர், டியூஷன் எடுக்க வருகிறவர், ஊழியர், யாராகவும் இருக்கலாம். உதவியவர்களைக் குறை சொல்லக் கூடாது என்று நாள்தோறும் பழக்கப்பட்ட பிள்ளை வாய் திறக்காது. ஆகவே நன்றி பற்றிப் பேசும் அதே நாளில், அதே மூச்சில், இதையும் சொல்லுங்கள்: யார் எவ்வளவு உதவி செய்திருந்தாலும், உன்னைத் தொடவோ, திட்டவோ, ரகசியம் காக்கச் சொல்லவோ அவருக்கு உரிமை இல்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐச் சாப்பாட்டுக்கூடச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். பாலியல் துன்புறுத்தல் பற்றி ஏதாவது தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் தருவது உங்கள் கட்டாயக் கடமை. டிரஸ்டியிடம் கேட்டுவிட்டு என்று தள்ளிப்போட முடியாது.

அம்மா, அப்பா விஷயத்தில் மிகவும் கவனம் தேவை. உங்கள் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருப்பார் என்று நினைக்கிறேன். அப்பா இறந்து, அம்மா திருப்பூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போயிருப்பார். மறுமணம் செய்துகொண்டு வராமலே இருப்பவர்களும் உண்டு. சில பயிற்சிக் கையேடுகளில் முதல் பயிற்சியே 'உன் அம்மாவுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுது' என்றுதான் இருக்கும். அதை உங்கள் இல்லத்தில் எல்லோரையும் உட்கார வைத்துச் செய்யாதீர்கள். எழுதும்போதே சில பிள்ளைகளுக்கு, ஏன் என்னை விட்டுப்போனாள் என்ற கேள்விதான் முட்டிக்கொண்டு வரும், பக்கத்தில் ஆறுதலுக்கு ஆள் இருக்காது. தானாக ஒருத்தி எழுத விரும்பினால், ஆலோசகர் ஒருவர் தனியாக அவளுடன் இருந்து எழுத வைக்கலாம். அனுப்புவதா வேண்டாமா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவு நேரம் பிள்ளைகள் நன்றி சொல்வதைப் பற்றியே பேசினோம். அவர்களுக்கு யாராவது நன்றி சொல்கிறார்களா? என் அனுபவத்தில் இல்லங்களில் இதுதான் குறைவு. பன்னிரண்டாம் வகுப்புப் பெண் காலையில் ஐந்தரைக்கு எழுந்து நாலு சின்னப் பிள்ளைகளுக்குத் தலை பின்னி, ரிப்பன் கட்டி அனுப்புகிறாள். அது 'டியூட்டி' பட்டியலில் ஒரு வரி, அவ்வளவுதான். அடுத்த தடவை அவளைத் தனியாகக் கூப்பிட்டு, 'நேற்று ஆறாம் வகுப்புப் பாப்பா காய்ச்சலில் அழுதபோது நீ உன் படிப்பை விட்டுவிட்டு அவளோடு உட்கார்ந்திருந்தாய், பார்த்தேன். எனக்குப் பெரிய உதவி' என்று சொல்லுங்கள். 'நல்ல பிள்ளை' என்று பொதுவாகப் பாராட்ட வேண்டாம். அவள் என்ன செய்தாள், அதனால் யாருக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். எந்நேரமும் வாங்குகிறவளாகவே இருக்கும் வளர் இளம் பெண்ணுக்கு, தன்னாலும் கொடுக்க முடிகிறது என்பது தெரிய வேண்டும். முதுகு நிமிரும். பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது, தோட்டத்துக் கீரையைப் பக்கத்து அங்கன்வாடிக்குக் கொடுத்துவருவது என்று நீங்களே யோசித்தால் நிறையத் தோன்றும். அவர்கள் விரும்பி எடுத்துக்கொள்கிற வேலையாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

ஊழியர்களுக்கும் இது வேண்டும். ராத்திரி டியூட்டி பார்க்கும் அக்கா, சமையல் அக்கா, நீங்கள், மூன்று பேரும் வாரம் ஒரு தடவை டீ குடிக்கும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். சம்பளம் குறைவு, பொறுப்பு அதிகம், யாரும் கண்டுகொள்வதில்லை என்றால் வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் பிள்ளைகளுக்கு இன்னொரு பிரிவு. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஓர் ஆய்வில், அரசு இல்லங்களில் இருந்த 136 கைக்குழந்தைகளையும் சிறு குழந்தைகளையும் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். நிலையாக ஒருவர் பார்த்துக்கொண்ட அந்தக் குழந்தைகள் பல விதத்திலும் தேறினார்கள். மாறாமல் ஒரு ஆள் கூட இருப்பதற்கு எந்த நோட்டும் ஈடாகாது. உங்கள் டிரஸ்ட் நோட்டுக்கும் பரிசுக்கும் செலவழிக்கும் பணத்தில் ராத்திரி அக்காவுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்தால் நான் அதைத்தான் ஆதரிப்பேன்.

இப்போது அந்தப் பெண்ணிடம் எப்படிப் பேசுவது? ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைக்காதீர்கள். கீரை ஆயும்போதோ, காய்ந்த துணி மடிக்கும்போதோ பக்கத்தில் உட்காருங்கள். கைக்கு வேலை இருந்தால், முகத்தைப் பார்க்காமலே பேச முடியும் என்றால், இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பேச்சு வரும். 'நீ எழுதினதுக்கு எனக்குக் கோபம் இல்லை. கேட்ட விதம்தான் உன்னைப் பயமுறுத்திவிட்டதோ என்று தோன்றியது. சொல்ல ஏதாவது இருந்தால் சொல், இல்லையென்றாலும் சரி' என்று சொல்லிவிட்டுக் கீரையை ஆய்ந்துகொண்டே இருங்கள். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து போனாலும் அந்தப் பேச்சு வீண் இல்லை.

அவள் எழுதிய தேதியையும் காலண்டரில் பாருங்கள். பார்வையாளர் நாளில் யாரும் வராமல் இருந்தார்களா? பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்ததா? 'ஹோம் பிள்ளை' என்று வகுப்பில் யாராவது சொன்னார்களா? இல்லை, அன்று இங்கேயே ஏதாவது நடந்ததா? அதோடு தூக்கம், சாப்பாடு, தோழிகளோடு பேச்சு, மூன்றிலும் மாற்றம் இருக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சோர்ந்தே இருந்தாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, வாழ்வதில் அர்த்தமில்லை என்பதுபோல் பேசினாலோ, நோட்டும் வேண்டாம் பேச்சும் வேண்டாம், உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் பார்ப்பார்கள். எந்த நேரத்திலும் பேச டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆலோசகர் இருப்பார், அவருக்கும் தகவல் சொல்லுங்கள்.

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு நன்றிப் பயிற்சியை வேறு ஒரு காரியத்துக்கும் பயன்படுத்தலாம். 18 முடிந்ததும் அவர்கள் இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும். 21 வயது வரை, சில சூழ்நிலைகளில் 23 வரை ஆஃப்டர்கேர் (இல்லத்தை விட்டுப் போன பிறகான) உதவி பெறச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கான பேப்பர் வேலையைப் பதினேழிலேயே ஆரம்பித்துவிடுங்கள். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு ஹாஸ்டல் ரூமில் காய்ச்சலோடு படுத்திருக்கும்போது அவள் யாருக்குப் போன் செய்வாள்? இதுவரை தனக்காக மெனக்கெட்டவர்கள் யார் யார் என்று அவள் எழுதிய பக்கங்களை ஒரு நாள் அவளே புரட்டட்டும். தமிழ் டீச்சர், பழைய வார்டன், தையல் சொல்லிக்கொடுத்தவர், மூத்த மாணவி ஒருத்தி என்று பெயர்கள் வரும். அவர்களில் யாரோடு தொடர்பில் இருக்க விரும்புகிறாள் என்று கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு போன் நம்பர் வாங்கிக்கொடுங்கள். நன்றிக் கடிதம் எழுத ஆசைப்பட்டால் இவர்களுக்கு எழுதட்டும், நேரில் போய்ப் படித்துக் காட்டட்டும். அங்கே அது உறவாகத் தொடரும்.

கடைசியாக, அந்த டிரஸ்டி. அவரிடம் இந்தப் பதிலைக் காட்டலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. அவருடைய வருத்தமும் எனக்குப் புரிகிறது. சொந்தப் பணம் போட்டு, ஆள் பிடித்து, அரிசி மூட்டை சேர்த்து நடத்துகிறவருக்கு ஒரு பிள்ளை அப்படி எழுதினால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அவரால் உடனே செய்யக்கூடிய சில மாற்றங்கள் இருக்கின்றன, நோட்டைவிட அவை பலன் தரும். உபயதாரர் வந்தாலும் வராவிட்டாலும் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு பரிமாறிவிட வேண்டும். வருகிற குடும்பம் எட்டி நின்று பார்க்காமல் பிள்ளைகளோடு அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். கூட்டாக நன்றி சொல்ல வைக்கும் பழக்கம் வேண்டாம், சொல்ல நினைக்கிற பிள்ளை தானாகச் சொல்லும். போட்டோவை அடியோடு நிறுத்துங்கள். இல்லத்துப் பிள்ளைகளின் அடையாளம் தெரியும்படி படமோ பெயரோ வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு தடை செய்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதற்கும் இது பொருந்தும் என்று உபயதாரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். பெரும்பாலானோர் புரிந்துகொள்வார்கள்.

அந்தப் பெண்ணுக்கு இது பொதுத்தேர்வு வருடம். இப்போதைக்கு அவளை நோட்டுப் பக்கமே கூப்பிட வேண்டாம். படிக்க அமைதியான இடமும், கணக்கில் சந்தேகம் கேட்க ஒரு ஆளும் அவளுக்கு இருக்கிறதா என்று மட்டும் இந்த வாரம் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் உளவியல் ஆலோசகர்